அரசியல் ஆய்வாளரும் உரையளவையும்: ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் விமர்சனம் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகிய துறைகளைப் பல கோணங்களில் நின்று ஆராய்ந்துள்ளது. ஆயின், யாழ்ப்பாணத்தவர் நாள்தோறும் மிகுதியாக நுகரும் எழுத்து வகையொன்று விமர்சகரின் நோக்குக்கு அகப்படாமலே இருந்து வந்திருக்கிறது. அரசியல் ஆய்வு என்று வழங்கப்படுவதே அது. முன்னர் வாரப் பத்திரிகைகளின் நடுப்பக்கத்தில் இருந்த இவ்வகை, இன்று இணையத்தின் காணொளிகளிலும் முகநூற் பதிவுகளிலும் குடிபுகுந்துள்ளது. கட்சியையோ பத்திரிகை நிறுவனத்தையோ சாராத தனிமனிதர் பலர் அன்றாடம் தோன்றி நாட்டு நடப்புக்கு விளக்கம் கூறுகின்றனர். சிற்றூர் வாசிகசாலையிலிருந்து பல்கலைக்கழக விடுதிவரை அவர்தம் கூற்றுக்கள் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றன. இத்தகையோரை எவ்வளவுக்கு நம்பலாம், எந்த அளவுகோல் கொண்டு நம்பலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிக்குரல் செல்வாக்குற்ற வரலாறு

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை மரபு விவாதத்திலே பிறந்த மரபு. 1841இல் அமெரிக்க மிஷன் சார்பில் உதயதாரகை வெளிவந்தது. 1889இல் சைவ பரிபாலன சபையின் சார்பில் இந்துசாதனம் தோன்றியது. அக்காலத்து வாசகன் தான் படிக்கும் ஏடு எப்பக்கம் நிற்பது என்பதை அறிந்தே படித்தான். சார்பு தெரிந்திருந்தமையால் அவன் அவ்வேட்டை விலக்கிவிடவில்லை. எதைக் கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க அவ்வறிவு அவனுக்கு உதவிற்று.

பிற்காலத்தில் இந்நிலை மாறுவதற்குப் போரே முதற் காரணமாயிற்று. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிரூட்டி, பீ.பீ.சீ. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் மக்கள் கேட்டனர். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது விமானக் குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை உலகுக்கு அறிவித்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தை இலங்கை வெளிநாட்டமைச்சு கடிந்துகொண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. அம்மாதம் 22ஆம் திகதி நாகர்கோவில் பாடசாலை மீது குண்டு வீசப்பட்டது. தம் கண்முன் நிகழ்ந்ததை அரசின் வானொலி மறைப்பதையும் மறுப்பதையும் கேட்ட மக்கள், அதிகாரபூர்வமான செய்தி எதனையும் ஐயத்தோடு நோக்கப் பழகினர். அவ்வாறு பழகியதில் தவறில்லை.

ஆயினும் இப்பழக்கத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அரசு பொய் சொல்கிறது என்ற மெய்யான அனுபவத்திலிருந்து, அரசை மறுப்பவன் மெய் சொல்கிறான் என்ற தவறான முடிபுக்குச் செல்வது எளிது. முதலாவதிலிருந்து இரண்டாவது தருக்க முறையாற் பெறப்படுவதன்று. இன்றைய தனிநிலை ஆய்வாளர் பலரின் செல்வாக்கு இந்த இடைவெளியிலேயே வேரூன்றி நிற்கின்றது.

காண்டல், கருதல், உரை

நம்பகம் பற்றிய இவ்வினா நம் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலை சமயவாதிகளின் அளவைகளை விரித்துரைக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சைவர் போற்றிப் பயிலும் சிவஞான சித்தியார், பொருளை ஆராயப் புகுமுன் அளவையை ஆராய்கின்றது. பலவாகக் கூறப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அது அடக்கிக் காட்டும். இவற்றுள் உரையளவை என்பது நம்பத்தகுந்தவன் கூற்று. நம்பத்தகுந்தவனை ஆப்தன் என்பர். நியாய நூலுக்கு உரைகண்ட வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்குக் கூறும் இலக்கணம் ஊன்றி நோக்கற்பாலது. பொருளை நேரே அறிந்தவனாய் இருத்தல், அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்புடையவனாய் இருத்தல் என்பனவே அவ்விலக்கணம். முனிவன், ஆரியன், மிலேச்சன் எவனாயினும் இது பொது என்கிறார் அவர்.

இதிலிருந்து நமக்குப் பயன்படும் இரு கருத்துக்களைப் பெறலாம். ஒன்று, ஆப்தனாந் தன்மை ஒருவனது குலத்தையோ கட்சியையோ பற்றியதன்று. மற்றொன்று, அத்தன்மை அவன் அறிந்த பொருளின் எல்லைக்கு உட்பட்டது. வன்னிக் களத்தை அறிந்தவன் வாஷிங்டனின் உள்ளக்கிடக்கைக்கும் ஆப்தன் ஆகிவிடான். ஆகவே, ‘இவரை நம்பலாமா?’ என்று வினவுவதிலும், ‘இவரது இந்தக் கூற்று காண்டலா, கருதலா, பிறர்வாய்க் கேட்டதா?’ என்று வினவுவதே முறையாகும். பனியைப் புகையென மயங்கியவன் அங்கே நெருப்பு உண்டு என்று கருதினால், பிழை அவனது கருதலில் இல்லை, காட்சியிலேயே உளது. அரசியல் ஆய்வுகளின் பிழைகளும் பெரும்பாலும் இத்தகையனவே. தருக்கம் செவ்வனே நடைபெறும். அடியில் உள்ள தகவல் பனியாய் இருக்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டு எடுத்துக்காட்டுக்கள் சிலவற்றை நோக்குவோம்.

தராக்கி

தனிநிலை அரசியல் ஆய்வு என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர் தராக்கி. மட்டக்களப்பிலே 1959இல் பிறந்த தர்மரத்தினம் சிவராம் பேராதனையிற் பயின்று, இடையில் கல்வியைக் கைவிட்டு, தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தில் முக்கிய பொறுப்பு வகித்தவர். 1989 முதல் ‘ஐலண்ட்’ பத்திரிகையில் தராக்கி என்ற புனைபெயரில் எழுதினார். பின்னர் வீரகேசரியில் தமிழிலும் எழுதினார். 1997இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியர்களுள் முதன்மையானவராக விளங்கினார். 2005 ஏப்ரில் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் கண்டெடுக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் அவருக்கு ‘மாமனிதர்’ விருது வழங்கினர்.

தராக்கியின் எழுத்திலே தெளிவாகப் பிரித்தறியத்தக்க மூன்று அடுக்குகள் உள. முதலாவது, படைநிலை பற்றிய விவரணம். நிலப்பரப்பு, வழங்கற் பாதை, படையணிகளின் அமைப்பு ஆகியவற்றை அறிந்து எழுதிய தமிழர் அவருக்கு முன் அரியர். தெற்கின் வாசகரும் அவரைத் தேடிப் படித்தமைக்குக் காரணம் இதுவே. இரண்டாவது, அவ்விவரணத்தின் மீது கட்டிய கருதல். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் இரு தரப்பினதும் படைவலுச் சமநிலையின் விளைவு என்பது அவர் வலியுறுத்திய கருத்து. மூன்றாவது, தமிழர் என்ன செய்யவேண்டும் என்ற பரிந்துரை. 2004 மார்ச்சில் கிழக்கில் ஏற்பட்ட பிளவின்போது கருணாவுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் இம்மூன்றாவது வகையைச் சார்ந்தது. அங்கே கண்டு சொல்பவரின் இடத்தில் வாதிட்டு வேண்டுபவர் நிற்கின்றார்.

எழுதியவர் ஒருவரே, நடையின் உறுதியும் ஒன்றே. ஆயினும் மூன்று அடுக்கும் ஒரே அளவான நம்பிக்கைக்கு உரியன அல்ல. வாசகரிற் பலர் முதலாவதில் தாம் வைத்த நம்பிக்கையை மூன்றாவதுக்கும் இழுத்துச் சென்றனர். மேலும், சமநிலை என்பது நிபந்தனையைக் குறிக்கும் சொல். நிபந்தனை மாறினால் முடிபும் மாறும். வாசகரோ அதனை உறுதிமொழியாகக் கேட்டனர். பிளவின் பின்னர் நிபந்தனை மாறியது. அதற்கேற்ப முடிபை மீளக் கணிக்கும் பழக்கம் நம் வாசகரிடையே வளர்ந்திருக்கவில்லை. இக்குறையை முழுவதும் எழுதியவர் மேல் ஏற்றுவது நியாயமாகாது.

மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்

மறுபுறத்தில் நிற்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு. அதன் நிறுவுநருள் ஒருவரும் உடற்கூற்றியல் துறைத் தலைவருமாகிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோ. ஸ்ரீதரன் ஆகியோரும் இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியும் அவ்வமைப்பினர் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டனர்.

அரசு, இந்திய அமைதிப்படை, புலிகள், ஏனைய இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பினர் செயல்களையும் ஒரே ஏட்டிற் பதிவு செய்தமை இவ்வறிக்கைகளின் சிறப்பு. இடம், நாள், நிகழ்ந்த முறை ஆகியன பெரும்பாலும் தரப்படுவதால் பிறர் சரிபார்ப்பதற்கும் மறுப்பதற்கும் இடமுண்டு. மறுக்கப்படக்கூடிய வடிவில் ஒன்றைச் சொல்வதே நேர்மையின் முதல் அடையாளம் எனலாம். ஆயின் இங்கும் வாசகன் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சாட்சிகளின் பெயர் கூறப்படுவதில்லை. கூறின் அவர்கள் உயிர் தப்பார். சம்பவ விவரணத்தின் ஊடே அறம் சார்ந்த கண்டனமும் அரசியல் முடிபும் இழையோடுகின்றன. அக்கண்டனத்தோடு உடன்படுபவன் விவரணத்தை ஆராயாது ஏற்கவும், உடன்படாதவன் விவரணத்தையும் சேர்த்தே தள்ளவும் நேர்கின்றது.

தராக்கியைப் படித்தவர் இவ்வறிக்கைகளைத் துரோகம் என்றும், இவ்வறிக்கைகளைப் படித்தவர் தராக்கியைப் பிரசாரம் என்றும் ஒதுக்கியதே நம் சூழலின் பொது வழக்கமாயிற்று. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தோர் சிலரே.

2009: விருப்பம் செய்தியான கதை

இவ்வாறு ஒருபக்கமாகப் படித்ததன் விலை 2009இல் வெளிப்பட்டது. வன்னியின் இறுதி மாதங்களில் பொதுமக்கள் உயிரிழப்பு அறவே இல்லாத நடவடிக்கையே தமது கொள்கை என்று அரசு சாதித்தது. அரச ஊடகங்கள் புலிகள் மக்களைத் தடுப்பதை மட்டும் கூறின. தமிழ் ஊடகங்கள் பல எறிகணை வீச்சை நாள்தோறும் கூறின. வெளியேற முயன்ற மக்கள் தடுக்கப்பட்டதையும் சுடப்பட்டதையும் கூறவில்லை. மேற்கூறிய ஆசிரியர் அமைப்பின் 2009ஆம் ஆண்டு அறிக்கைகள் இரண்டையும் பதிந்தன. 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையும் இரு தரப்பினர் மீதான குற்றச்சாட்டுக்களும் நம்பத்தகுந்தன என்று கண்டது. 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. ஒவ்வொரு பக்கத்தாரும் கூறியதில் உண்மை இருந்தது. ஒவ்வொரு பக்கத்தாரும் கூறாது விட்டதிலும் உண்மை இருந்தது. ஆய்வாளர் ஒருவரை மதிப்பிடும்போது அவர் சொன்னதோடு சொல்லாது விட்டதையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதற்கு இதனிலும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

புலிகளின் தலைவரது இறப்புச் செய்தி மற்றொரு சான்று. 2009 மே 19ஆம் திகதி அவரது உடலைக் காட்டி அரசு இறப்பை உறுதிப்படுத்தியது. அவ்வேளை அவர் உயிருடன் இருப்பதாக அறிக்கை விடுத்த செல்வராசா பத்மநாதன், 24ஆம் திகதி இறப்பை ஒப்புக்கொண்டார். அதன் பின்னரும் மறுப்பு ஓயவில்லை. 2023 பெப்ருவரி 13ஆம் திகதி தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் அவர் நலமாக இருப்பதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 27ஆம் திகதி அவரது மகள் எனக் கூறிய பெண்ணொருவர் காணொளியில் உரையாற்றினார். அது ஆள்மாறாட்டமா, செயற்கை நுண்ணறிவின் ஆக்கமா என்ற விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. கேட்போரின் துயரமும் விருப்பமும் ஒரு கூற்றுக்குச் சான்றாக மாறிவிடும் ஆபத்து இங்கே புலனாகின்றது. துயரம் மதிக்கத்தக்கது. எனினும் அளவைகளின் வரிசையில் அதற்கு இடமில்லை.

இன்றைய காணொளி ஆய்வாளர்

இன்று தனிநிலை ஆய்வாளர் தம்மைச் சுயாதீனர் என அழைத்துக்கொள்கின்றனர். எதிலிருந்து சுயாதீனம் என்று கேட்பது தகும். கட்சியிலிருந்தும் பத்திரிகை முதலாளியிலிருந்தும் அவர் விடுபட்டிருக்கலாம், பார்வையாளரிலிருந்து விடுபடவில்லை. யூடியூப்பில் விளம்பர வருவாயிற் பங்கு பெறுவதற்குப் பொதுவாக 1,000 சந்தாதாரரும் ஓராண்டுள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். வருவாய் பார்வையின் அளவைப் பொறுத்தது. முற்காலத்துப் புலவன் ஒரு புரவலனைப் பாடினான்; இன்றைய ஆய்வாளன் ஆயிரம் புரவலரைப் பாடவேண்டியுள்ளது. அப்புரவலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றனர். அவர்கள் கேட்க விரும்பாததைச் சொல்லும் துணிவு அவருக்கு உண்டா என்பதே அவரது சுயாதீனத்தின் உரைகல்லாகும்.

இவ்வகைப் பேச்சின் உத்திகள் சிலவற்றை இனங்காணல் எளிது. மூலம் கூறாத ‘உள்வீட்டுத் தகவல்’, வினாக்குறியிட்ட தலைப்பு, ‘பொறுத்திருந்து பாருங்கள்’ என்று திகதி குறியாத எதிர்வுகூறல், பொய்த்த எதிர்வுகூறலை மீண்டும் எடுத்துப் பேசாமை என்பன அவற்றுட் சில. 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. சாவகச்சேரி வைத்தியசாலை பற்றிய முகநூல் நேரலைகளால் அவ்வாண்டு யூலையில் அறியப்பட்ட வைத்தியர் ஒருவரின் சுயேச்சைக்குழு ஓர் ஆசனத்தைப் பெற்றது. தென்னிலங்கைக் கட்சியொன்று இங்கு முதலிடம் பெறாது என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்நம்பிக்கையின்மேல் தம் கணிப்பைக் கட்டியோருள் எத்தனை பேர் தேர்தலின் பின் அதனை எடுத்துவைத்து, எங்கே பிழைத்தோம் என்று காரணம் ஆராய்ந்தனர்? இவ்வினாவுக்கு விடை காண்பதே ஒருவரை மதிப்பிடும் சிறந்த வழி.

செய்தியாளருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலே கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன் ஊர் ஊராகச் சென்று கண்டதை அனுப்பியவர். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்தினுள் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். காண்டலுக்குக் கொடுத்த விலை அது. அறையிலிருந்து உரைப்பவரின் கருதல் முழுவதும் இத்தகையோரின் காண்டலையே ஆதாரமாகக் கொண்டது. அவ்வாதாரத்தைப் பெயர் சுட்டிச் சொல்லும் ஆய்வாளரைப் பெரிதும் நம்பலாம்.

தடைகள் இரண்டு

இங்கு இரு தடைகள் எழலாம். எல்லோரும் சார்புடையோரே, ஆதலால் எவரையும் நம்ப இயலாது என்பது ஒன்று. கேட்பதற்கு முதிர்ச்சி போலத் தோன்றும் இக்கூற்று உண்மையில் சோம்பலின் வேடம். எல்லாம் ஒன்றே என்பவன் தான் விரும்பியதையே இறுதியில் நம்புவான். சார்பு வேறு, பொய் வேறு. சார்புடையவன் தன் தரப்புக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொள்ளும்போது அக்கூற்று இரட்டிப்பு வலுவுடையது.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எது பொய்யான கூற்று என்று தீர்மானித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வகுத்தது. நவாலியையும் நாகர்கோவிலையும் அறிந்த யாழ்ப்பாணத்தவர் மெய் பொய் காணும் பொறுப்பை ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியுறுதல் இயலாது. வாசகர் தம் பொறுப்பைக் கைவிடுமிடத்து அவ்விடத்தை அதிகாரமே நிரப்பும் என்பதே இச்சட்டம் தரும் படிப்பினை.

செய்யத்தக்கன

இப்பிரச்சினையின் பாரதூரத்தைச் செம்மணி உணர்த்தும். கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற படையினன் 1998இல் நீதிமன்றத்திற் கூறிய கூற்றின் மேல் 1999இல் அங்கே அகழ்வு நடந்து 15 எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2025 பெப்ருவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புகள் தென்பட்டதன் பின் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், அவ்வாண்டு செப்டெம்பர் அளவில், 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. இவை எவருடையன, எக்காலத்தன என்பதைக் கூறவேண்டியது ஆய்வுகூடமும் நீதிமன்றமும். அதற்கு முன்னரே வயதும் ஆண்டும் குறித்துக் காணொளி வெளியிடுபவர், பிள்ளையைத் தேடும் தாய்க்கு உதவுவதாக எண்ணலாம். நாளை அக்கூற்றுக்களுள் ஒன்று பிழையெனக் காட்டப்படின், புதைகுழியையே மறுக்க விரும்புவோர்க்கு அதுவே கருவியாகும். மெய்யின் பக்கம் நிற்பவன் சொல்லும் மிகை, மெய்க்கே பகையாய் முடிகின்றது.

ஆகவே, நம்பிக்கையை ஆளுக்கு மொத்தமாக அளிக்காது கூற்றுக்குக் கூற்று அளந்து அளித்தல் வேண்டும். நேரே கண்டதற்கு மிகுதியாகவும், காரணங் காட்டிய கருதலுக்கு அக்காரணத்தின் அளவாகவும், பெயரில்லா உள்வீட்டுத் தகவலுக்கு மிகக் குறைவாகவும் அளித்தல் தகும். சாட்சியின் பெயரை மறைப்பதற்கு நம் மண்ணில் நியாயமுண்டு. சாட்சி நேரிற் கண்டவரா, கேட்டறிந்தவரா என்பதை மறைப்பதற்கு நியாயமில்லை. பிழைத்ததை வெளிப்படையாகத் திருத்துபவரை, ஒருபோதும் பிழையாதவர்போல் தோன்றுபவரிலும் மேலாக மதித்தல் வேண்டும்.

இதிலே பல்கலைக்கழகத்துக்குத் தனிப்பொறுப்பு உண்டு. அச்சில் வந்ததை நூலகம் எண்ணிமத் திட்டம் 2005 முதல் தொகுத்துப் பேணி வருகின்றது. காணொளியிற் பேசப்படுவதோ பேசியவர் விரும்பினால் ஒரே இரவில் மறையும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் இரண்டு மூன்று ஆய்வாளரின் ஓராண்டுப் பேச்சை எழுத்திற் பெயர்த்து, அவர்தம் தகவல்களையும் எதிர்வுகூறல்களையும் நிகழ்ந்தவற்றோடு ஒப்புநோக்கி வெளியிடலாம். ஒரு கவிஞனின் படிமங்களைத் தொகுத்து ஆராயும் மாணவனுக்கு இவ்வேலை அரிதன்று. எழுதுபவர்க்கும் பேசுபவர்க்கும் தம் சொற்கள் எண்ணப்படுகின்றன என்ற உணர்வு பிறக்குமாயின் அவர்தம் மொழியிலே பொறுப்பும் பிறக்கும். கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் செய்த பணியை அரசியல் ஆய்வுக்கும் செய்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.